சட்டம் மாறட்டும்னு காத்திருக்க வேண்டாம், டிரேட்மார்க்க இப்பவே போடுங்க

மார்த்தாண்டம் பக்கம் ஏத்தங்கா (நேந்திரங்கா) சிப்ஸ் போட்டு விக்கிற அக்கா ஒருத்தங்க, "டிரேட்மார்க்குக்கு, அதான் நம்ம பிராண்டு பேர நமக்குன்னு பதிவு பண்றதுக்கு, புது ரூல்ஸ் வருதாமே, வந்தப்புறம் அப்ளை பண்ணலாம்லா"ன்னு கேட்டாங்க. வேண்டாம்க்கா, ரெஜிஸ்டர் ஆகும்போது உரிமை அப்ளை பண்ணுன தேதியில இருந்துதான் கணக்கு, தள்ளிப்போட்டா நமக்குத்தான் நஷ்டம். 2017ல ரூல்ஸ் மாறுனப்போ 4000 ரூபா ஃபீஸ் 9000 ஆச்சு, தனி ஆளுக்கும் சிறு தொழிலுக்கும் ஆன்லைன்ல 4500.

முதல்ல பேரு. டிரேட்மார்க் வெப்சைட்டுல பப்ளிக் சர்ச் போய் அதே பேரு மட்டும் இல்ல, அதே மாதிரி சத்தம் வர்ற பேரையும் தேடணும். ஊர் பேரையும் பொருள் பேரையும் மட்டும் சேத்து வச்சா கெடைக்கிறது கஷ்டம், அதுலயும் கன்னியாகுமரி மட்டி பழத்துக்கு 2023ல புவிசார் குறியீடு வாங்கியாச்சு, அது எல்லா விவசாயிக்கும் பொது, ஒருத்தர் தனக்குன்னு எடுக்க முடியாது.

அடுத்து கிளாஸ், அதாவது நம்ம பொருள் எந்த வகைன்னு. மொத்தம் 45 இருக்கு, ஏத்தங்கா சிப்ஸ் 29ல வரும், தேன் 30ல. சிறு தொழில்னு காட்டுற உத்யம் சர்டிஃபிகேட்ட வச்சு டிஎம்-ஏங்கிற விண்ணப்ப ஃபார்ம் போடுங்க, நம்ம ஏரியாவுக்கு கிண்டியில உள்ள ஆபீஸ்தான், ஆனா ஆன்லைன்ல போட்டா மெட்ராஸ் போகவேண்டாம். ஏற்கனவே அந்த பேருல விக்கிறீங்கன்னா எப்ப இருந்துன்னு அஃபிடவிட் கேப்பாங்க, அதனால பழைய பில்லு, கவர் அடிச்ச பிரஸ் ரசீது எதையும் தூக்கிப்போடாதீங்க.

அப்ளிகேஷன பாத்து ஆபீஸ்ல குறை சொல்லி அனுப்புற எக்ஸாமினேஷன் ரிப்போர்ட் வந்தா ஒரு மாசத்துல பதில் குடுக்கணும், இதுல கோட்டை விட்டவங்கதான் ஜாஸ்தி, மெயில தெனமும் பாருங்க. அப்புறம் டிரேட்மார்க் ஆபீஸ் வெளியிடுற ஜர்னல்ல நம்ம பேரு வந்தப்புறம் 4 மாசம் யாரு வேணா ஆட்சேபணை போடலாம்.

இப்ப அக்கா கவர எடுத்துக் காட்டுனாங்க, பேரு பக்கத்துல வட்டத்துக்குள்ள ஆர்! ரெஜிஸ்டர் ஆகாம அத போடவே கூடாது, டிஎம்னு போட்டுக்கலாம். முன்னாடி இதுக்கு 3 வருஷம் வரை ஜெயில், பல சட்டத்துல ஜெயில எடுத்துட்டு அபராதமா மாத்துன ஜன் விஸ்வாஸ் சட்டம் வந்து 2024 ஆகஸ்ட் 1ல இருந்து அபராதம் ஆயிருக்கு, விற்பனையில அரை சதவீதம் இல்லன்னா 5 லட்சம், எது கம்மியோ அது. கம்மின்னாலும் சின்ன கடைக்கு அது பெரிய காசுதான்.

இனி ரூல்ஸ் மாறுதுன்னு நியூஸ் வந்தா அது டிராஃப்டா, முடிவானதான்னு அரசு கெஜட்ல பாருங்க. டிராஃப்ட்ட முதல்ல வெளியிட்டுதான் ரூல்ஸ் போடணும்னு சட்டத்துலயே இருக்கு, அப்பவே உங்க கருத்த எழுதி அனுப்பலாம். ஃபைனல் ஆகுறவரைக்கும் இப்ப உள்ள ஃபார்ம்தான், இப்ப உள்ள ஃபீஸ்தான்.