பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவருவது எப்படி? புதிய உறுப்பினர்களுக்கான செய்முறை விளக்கம்

பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையில் பணிக்குச் சேரும் நம் மருத்துவர்களில் பலர், பி.எம்.ஏ. எனப்படும் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்துக்கு மாதச் சந்தா கட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள். பணி ஒப்பந்தத்தைச் சரிபார்த்துத் தரவும், நிர்வாகத்தோடு சிக்கல் வந்தால் துணை நிற்கவும் ஓர் அமைப்பு என்ற அளவிலேயே அவர்களுக்கு அது தெரியும். ஆனால் 1832இல் வூஸ்டர் நகரில் சார்லஸ் ஹேஸ்டிங்ஸ் தொடங்கிய இச்சங்கத்தின் கொள்கைகள், உறுப்பினர்கள் எழுதி அனுப்பும் தீர்மானங்களிலிருந்தே பெரும்பாலும் உருவாகின்றன. அத்தகைய தீர்மானம் ஒன்றை எழுதி, அது விவாதிக்கப்படும் வரை கொண்டுசெல்வது எப்படி என்பதைப் பார்ப்போம்.

படி 1: யார் எதைச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மருத்துவப் பதிவேட்டை வைத்திருப்பதும், தவறிழைத்த மருத்துவர்மீது நடவடிக்கை எடுப்பதும் ஜி.எம்.சி. (ஜெனரல் மெடிக்கல் கவுன்சில்) என்னும் வேறோர் அமைப்பு. அதற்குக் கட்டாயமாகப் பணம் கட்டுவதால் நாம் பி.எம்.ஏ. உறுப்பினராகிவிடுவதில்லை, புதிதாக வருபவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கம். பி.எம்.ஏ. என்பது தொழிற்சங்கமாகவும் தொழில்முறைச் சங்கமாகவும் ஒருங்கே இயங்குவது. அதன் அடித்தளத்தில் டிவிஷன் எனப்படும் வட்டாரக் கிளைகள் உள்ளன. கொள்கை முடிவு எடுக்கும் இடம் ஆண்டுதோறும் கூடும் பிரதிநிதிகள் கூட்டம், அதாவது ஏ.ஆர்.எம். இரண்டு கூட்டங்களுக்கு இடைப்பட்ட காலத்தில் சங்கத்தை வழிநடத்துவது அதன் நிர்வாகக் குழுவான கவுன்சில். இவற்றோடு பொதுநல மருத்துவர்கள், கன்சல்டன்ட்கள் எனப்படும் மூத்த சிறப்பு மருத்துவர்கள், முன்பு இளநிலை மருத்துவர்கள் எனப்பட்ட ரெசிடென்ட் மருத்துவர்கள் என ஒவ்வொரு பிரிவினருக்கும் தனிக் குழுக்கள் உண்டு.

படி 2: உங்கள் கிளையைக் கண்டுபிடியுங்கள்

உங்கள் உறுப்பினர் கணக்கில் உள்ள முகவரியைப் பொறுத்து உங்கள் கிளை அமையும். கிளைச் செயலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அடுத்த கூட்டம் எப்போது, தீர்மானங்களை அனுப்பக் கடைசி நாள் எது என்று கேளுங்கள். ஆண்டுக் கூட்டம் வழக்கமாகக் கோடைத் தொடக்கத்தில் நடப்பதால், கிளைகள் சில மாதங்களுக்கு முன்பே தீர்மானங்களை இறுதி செய்துவிடும்.

படி 3: தீர்மானத்தை எழுதுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். பி.எம்.ஏ. தீர்மானங்கள் ஆங்கிலத்தில் “இக்கூட்டம்” என்று பொருள்படும் சொற்களோடு தொடங்கி, ஒரு நிலைமையைச் சுட்டி, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கோரி முடியும். எடுத்துக்காட்டாக, வெளிநாட்டில் படித்து வந்தவர்களுக்குப் போதிய அறிமுகப் பயிற்சி கிடைப்பதில்லை என்பது உங்கள் குறை என்று வைத்துக்கொள்வோம். “வெளிநாட்டுப் பட்டதாரிகளின் துயரத்தை இக்கூட்டம் கண்டிக்கிறது” என்று எழுதினால் கைதட்டல் கிடைக்கலாம். ஆனால் மறுநாள் எவரும் எதுவும் செய்ய வேண்டியிருக்காது. அதையே பின்வருமாறு எழுதிப் பாருங்கள்:

“வெளிநாட்டில் பயின்ற மருத்துவர்கள் பலர் போதிய அறிமுகமின்றி இரவுப் பணியில் அமர்த்தப்படுவதை இக்கூட்டம் கவலையுடன் நோக்குகிறது, எனவே, (அ) முதல் பணிக்கு முன் ஊதியத்துடன் கூடிய அறிமுகக் காலத்தை வேலையளிப்போர் வழங்க வேண்டும் என்றும், (ஆ) இதை வலியுறுத்திச் சங்கம் பேச்சுவார்த்தை நடத்த வேண்டும் என்றும் கோருகிறது.”

யார், எதை, யாரிடம் கோருகிறார்கள் என்பது இதில் தெளிவாக இருக்கிறது. கோரிக்கையை (அ), (ஆ) என்று பிரிப்பதற்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே வாக்குக்கு விட முடியும் என்பதால், ஒரு பகுதி தோற்றாலும் மற்றது பிழைத்துக்கொள்ளும். ஆகையால், மிகவும் சர்ச்சைக்குரிய வரியை எளிதில் ஏற்கக்கூடிய வரியோடு ஒரே வாக்கியத்தில் பிணைத்துவிடாதீர்கள்.

படி 4: கிளைக் கூட்டத்தில் முன்வையுங்கள்

பல கிளைக் கூட்டங்களுக்கு வருபவர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமரும் அளவுக்கே இருப்பார்கள். புதியவருக்கு இது ஏமாற்றம்போலத் தோன்றினாலும், உண்மையில் இதுவே பெரிய வாய்ப்பு. உடன் பணியாற்றும் நான்கு பேரை அழைத்துச் சென்றால் தீர்மானம் அங்கேயே நிறைவேறி, கிளையின் பெயரில் பிரதிநிதிகள் கூட்டத்துக்குப் போய்விடக்கூடும். கிளையின் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பதும் கிளையின் வேலைதான் என்பதால், உங்கள் பெயரையும் கொடுத்துவிடுங்கள்.

படி 5: பிரதிநிதிகள் கூட்டம்

நிகழ்ச்சி நிரல் குழு, ஒத்த தீர்மானங்களை ஒன்றாகத் தொகுத்து வரிசைப்படுத்துகிறது. நேரம் போதாமல் பல தீர்மானங்கள் விவாதத்துக்கே வராமல் போவதால், பிற கிளைகளும் அதே கருத்தை அனுப்பியிருந்தால் உங்களுக்கு நல்லது. ஒரு தீர்மானத்தை அதன் உணர்வை மட்டும் ஏற்று, முழுக் கொள்கையாக்காமல் ‘குறிப்பு’ என்ற அளவில் ஏற்கும் வழக்கமும் உண்டு. உங்கள் தீர்மானம் எந்த வகையில் ஏற்கப்பட்டது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு கை உயர்வதால் என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு 2021ஐ நினைவூட்டலாம். மருத்துவர் உதவியுடன் உயிர் துறப்பதை எதிர்த்துவந்த சங்கம், அவ்வாண்டு செப்டம்பரில் நடுநிலைக்கு மாறியபோது ஆதரவு 49 சதவீதம், எதிர்ப்பு 48 சதவீதம். 3 சதவீதத்தினர் எப்பக்கமும் வாக்களிக்கவில்லை. இதே பொருளில் 2005இல் எடுத்த நடுநிலையைச் சங்கம் 2006இலேயே கைவிட்டிருந்தது. எனவே, இந்த ஆண்டு தோற்ற தீர்மானத்தின் வரைவைத் தூக்கி எறியாதீர்கள்.

படி 6: கூட்டம் முடிந்த பின்

நிறைவேறிய தீர்மானத்தைச் செயல்படுத்தும் பொறுப்பு கவுன்சிலுக்கும் உரிய குழுவுக்கும் போகிறது. சில மாதங்கள் கழித்து, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று கிளைச் செயலாளர் வழியாக எழுத்தில் கேளுங்கள். கவுன்சில் தேர்தலில் வேட்பாளர்களை விருப்ப வரிசையில் எண்ணிட்டு வாக்களிக்கும் முறை இருப்பதால், முதல் பெயரோடு நிறுத்தாமல் ஏற்கத்தக்க அனைவருக்கும் எண்ணிடுங்கள்.

வேலைநிறுத்த வாக்கெடுப்பு இதிலிருந்து வேறுபட்டது. 2023இல் இங்கிலாந்தின் இளநிலை மருத்துவர்களான சங்க உறுப்பினர்களில் 77 சதவீதத்தினர் பங்கேற்று, அவர்களில் 98 சதவீதத்தினர் ஆதரவளித்த வாக்கெடுப்பு, வீட்டு முகவரிக்கு அஞ்சலில் வந்த தாளில்தான் நடந்தது. பயிற்சிக் காலத்தில் ஊர் மாறிக்கொண்டே இருக்கும் நாம் பழைய முகவரியை மாற்ற மறந்துவிடுகிறோம். அப்படி மறந்தால் வாக்குச்சீட்டு முன்பு குடியிருந்த வீட்டின் வாசலில் கிடக்கும். ஆகவே, புதிய வீட்டில் சாவி வாங்கிய அன்றே உறுப்பினர் கணக்கில் முகவரியை மாற்றிவிடுங்கள்.