வளவில் ஒரு வாத்தியக் குழு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கமிருந்து யாராவது வந்து, "டீச்சர், நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு ஆர்கெஸ்ட்ரா ஆரம்பிக்கணும்" என்பார்கள். அடுத்த வாக்கியம், "எத்தனை வயலின் வாங்கணும்?" என்பதாகவே இருக்கும். வயலின் கணக்கை இப்போதைக்கு விடுங்கள். ஊரில் என்னென்ன வாத்தியம் இருக்கிறது, எந்தப் பிள்ளை எதை எந்த அளவுக்கு வாசிக்கும் என்று முதலில் ஒரு நோட்டில் எழுதுங்கள். பாட்டை அந்த நோட்டுக்கு ஏற்றபடி புதிதாக எழுத வேண்டும். அச்சில் கிடைக்கும் மேற்கத்திய ஸ்கோர், அதாவது ஸ்வரம் எழுதிய தாள், ஓபோ, செல்லோ போன்ற வாத்தியங்களைக் கேட்கும். நம்மிடம் இருப்பது நாதஸ்வரக்காரர் பேரனும், பிறந்தநாளுக்கு வாங்கிய கீபோர்டும், பாட்டி வாசித்த வீணையும்தான். அவற்றுக்குப் பாட்டு இல்லையென்றால் நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

வாத்தியம் தேடுவது

வீடு வீடாகக் கேளுங்கள். பூட்டிய வீடுகளின் மேல்மாடியில் ஆர்மோனியம் கிடக்கும். "ஆச்சி, பிள்ளைகள் வாசிக்கக் கொடுப்பீங்களா?" என்று நேரில் போய்க் கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுகிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளிலும் பார்க்கலாம். ஆனால் அங்கே அழகுக்காக வைத்திருப்பதையும் வாசிக்கக்கூடியதையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். ஆர்மோனியமானால் கட்டை எதையும் அழுத்தாமல் துருத்தியை அடித்துப் பாருங்கள். காற்று தானே இறங்கினால் தோல் போய்விட்டது. வீணையில் குடத்தில் விரிசல் இருக்கிறதா, மெழுகில் பதித்த மெட்டு (தந்தியை அழுத்தும் இடத்தில் உள்ள கம்பி) ஆடுகிறதா என்று பாருங்கள். மெழுகை மறுபடி போடலாம், விரிசல் விட்ட குடத்தைத் தொட வேண்டாம்.

வயலின் வாங்கத்தான் வேண்டுமென்றால் அளவு பார்த்து வாங்குங்கள். பிள்ளை இடது கையை நீட்டட்டும். வயலினைத் தோளில் வைத்தால் அதன் சுருள் தலை உள்ளங்கையில் வந்து விழ வேண்டும், விரல்கள் அதைச் சுற்றி மடங்க வேண்டும். சின்னப் பிள்ளைக்குக் கால், அரை அளவு. பத்துப் பதினொரு வயதுக்கு முக்கால். "வளர்ந்துடுவான், பெருசா வாங்கிருவோம்" என்று அப்பாக்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். தோள் வலித்துப் பிள்ளை நின்றுவிடும்.

இடம்

செட்டிநாட்டு வீட்டின் உள்முற்றமான வளவைப் போல வசதியான இடம் கிடைக்காது. நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், எல்லாரும் எல்லாரையும் பார்க்கலாம். ஆனால் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லும் வழவழப்பான சுண்ணாம்புச் சுவரும் சத்தத்தை அப்படியே திருப்பி அடிக்கும். ஜமுக்காளம் விரியுங்கள். பட்டாலை என்ற கூடத்துக்குள் அடைந்து உட்காராமல் முற்றத்தை ஒட்டி உட்காருங்கள். பங்காளிகள் பல பேர் உள்ள வீடானால் ஒருவரிடம் மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். எல்லாரிடமும் சொல்லி, விசேஷ நாட்களில் வகுப்பு கிடையாது என்று முதலிலேயே பேசி வையுங்கள்.

சுருதி

குழு சேருவதும் சிதறுவதும் இங்கேதான். என் சிபாரிசு சுருதிக்கு 5 கட்டை, ராகத்துக்கு மோகனம். கட்டை என்பது ஆர்மோனியக் கட்டையை வைத்துச் சுருதியின் உயரத்தைச் சொல்லும் கணக்கு. காரணம் இருக்கிறது.

மேற்கத்திய முறையில் சுருதி சேர்த்த வயலினின் நான்கு தந்திகள் ஜி, டி, ஏ, ஈ. 5 கட்டை என்றால் ஜி-தான் ஸட்ஜம், அதாவது ஸ. அப்போது அந்த நான்கு தந்திகளும் வரிசையாக ஸ, ப, ரி, த ஆகிவிடுகின்றன. நான்குமே மோகனத்தின் ஸ்வரங்கள். விரலே வைக்கத் தெரியாத பிள்ளை, வில்லை நேராக இழுக்க மட்டும் கற்ற முதல் மாதத்திலேயே, வெறுந்தந்தியில் எதை வாசித்தாலும் ராகத்துக்குள் இருக்கும். கீபோர்டுப் பிள்ளைக்கும் ஸ ரி க ப த ஐந்தும் வெள்ளைக் கட்டையிலேயே கிடைக்கின்றன. கர்நாடக முறையில் ஸ-ப-ஸ-ப என்று சேர்த்து வாசிக்கிற பிள்ளை அதே 5 கட்டையில் சேர்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்காரலாம்.

வீணையை 5 கட்டைக்கு இழுக்காதீர்கள், தந்தி அறுந்துவிடும். 2 கட்டையில் (டி) வைத்து, அதன் மத்யமத்தை, அதாவது ம ஸ்வரமான ஜி-யை, ஸட்ஜமாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பஞ்சமத் தந்திகளை மத்யமத்துக்கு இறக்கிவிட்டால் போதும். மத்யம சுருதி நம் பெரியவர்களுக்குப் பழக்கமானதுதான். காரைக்குடி சாம்பசிவ ஐயர் வீணையால் பேர் வாங்கிய ஊரில் வீணை இல்லாமல் ஒரு குழு உட்காருவது எனக்குச் சம்மதமில்லை.

நாதஸ்வரம் பக்கத்தில் இருந்தால் வயலின் காதில் விழாது. அந்தப் பையனை முகப்பில் நிறுத்தி, மற்றவர்கள் ஓய்ந்திருக்கும் இடத்தில் தனியாக வாசிக்க வையுங்கள். உள்ளே உட்கார்ந்து கேட்கும்போது அந்தத் தூரமே பாட்டுக்கு ஒரு அழகு.

பாட்டு எழுதுவது

ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனம், அதாவது எட்டு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்று, எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வரி போதும்.

மூத்த பிள்ளைகள்: க க ப ப | ரி ரி | க ப ||
புதிய பிள்ளைகள்: ஸ ஸ ஸ ஸ | ப ப | ஸ ப ||

கீழ் வரியில் விரலுக்கு வேலையே இல்லை, அடுத்தடுத்த இரண்டு தந்திகள்தான். மேல் வரியோடு எந்த இடத்திலும் உரசாது. இப்படி நாலைந்து ஆவர்த்தனம் சேர்ந்தால் அது ஒரு பல்லவி. ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்தை எல்லாரும் சேர்ந்து வாசிக்கும் இடத்தில் வைக்காதீர்கள். ஆளுக்கொரு விதமாக அசைத்தால் கலங்கிவிடும். சேர்ந்து வாசிக்கும்போது நேர் ஸ்வரம், தனியாக வரும்போது கமகம்.

இது சங்கீதத்துக்குச் செய்யும் குறை என்று சில பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களை எடுத்துக் காட்டுங்கள். வெள்ளைக்காரர் பேண்டு மெட்டுகளைக் கேட்டு, கமகம் இல்லாத சங்கராபரணத்தில், சமஸ்கிருத சாகித்தியம் வைத்துப் பாடியவர் அவர். "சந்ததம் பாஹி மாம்" என்பது இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் மெட்டு. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் வயலினை நம் கச்சேரிக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி. குழுவின் இரண்டாவது பாட்டாக ஒரு நோட்டுஸ்வரத்தை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் பிள்ளைகளுக்கு மத்யமமும் நிஷாதமும் கைவந்திருக்கும்.

குச்சியை வைத்துக்கொண்டு நடத்த ஆள் வேண்டாம். ஒரு பிள்ளை எல்லாருக்கும் தெரியும்படி நின்று கையால் தாளம் போடட்டும். வாரம் ஒருவர் என்று மாற்றுங்கள்.

யாரையும் வடிகட்டாதீர்கள்

தேர்வு வைத்துச் சேர்க்கக் கூடாது. "முதலில் தனியாகக் கற்றுக்கொண்டு வா, பிறகு குழுவில் சேர்க்கிறேன்" என்று சொல்லவும் கூடாது. வெனிசுவேலாவில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு 1975-இல் தொடங்கிய எல் சிஸ்தெமா என்ற இசைக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகள் ஆரம்பத்திலிருந்தே கூட்டமாக உட்கார்ந்துதான் கற்கிறார்கள். சென்னையில் ஏ.ஆர். ரகுமானின் கே.எம். இசைக் கல்லூரியைச் சேர்ந்த சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா வசதியில்லாத பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்றுக்கொடுக்கிறது. அங்கே முடிவது இங்கேயும் முடியும்.

கட்டணம் இல்லை என்று சொன்னால் மட்டும் பிள்ளைகள் வந்துவிட மாட்டார்கள். என்னிடம் வரும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அம்மா கல்யாணச் சமையலுக்குப் போகிறவர். முகூர்த்த நாளில் தம்பியைப் பார்த்துக்கொள்வது இவள் பொறுப்பு, அதனால் வகுப்பு தவறும். "தம்பியையும் கூட்டிக்கிட்டு வாம்மா" என்றேன். ஜால்ரா அவன் கைக்குப் போனது, இப்போது அக்காவை அவன்தான் இழுத்துக்கொண்டு வருகிறான். சாயங்காலம் டியூஷன் இருக்கும், கடைசி பஸ் பயம் இருக்கும்; ஞாயிறு காலைதான் சரி. மாசி, பங்குனியில் பரீட்சை வரும். அப்போது வகுப்பைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள்.

பன்னிரண்டு வயதுக்கு மேல் ஆர்வமும் பிடிப்பும் தெரிகிற பிள்ளையைச் சிவகங்கை மாவட்ட அரசு இசைப்பள்ளிக்கு அனுப்புங்கள். குரலிசை, வயலின், மிருதங்கம், நாதஸ்வரம், தவில், தேவாரம் என்று மூன்று வருஷப் படிப்பு இருக்கிறது. குழுவையும் விடாமல் போய்வரலாம்.

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து ஊருக்கு வரும் உறவுக்காரர்கள் "என்ன வேணும்?" என்று கேட்பார்கள். வயலின் கேட்காதீர்கள். தந்தி, வில்லில் தேய்க்கும் ரோசின், வில்லுக்கு மயிர் மாற்றும் கூலி, பஸ் காசு இவற்றைக் கேளுங்கள். தந்தி அறுந்து மாற்ற வழியில்லாமல் சும்மா தொங்கும் வயலின்தான் நான் அதிகம் பார்த்தது. எது யார் வீட்டில் இருக்கிறது, எப்போது தந்தி மாற்றியது என்று பேரேடு போடுங்கள். வாத்தியத்தைப் பிள்ளை வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். பீரோவில் பூட்டி வைத்தால் சாதகம் எப்படி நடக்கும்?

முதல் நிகழ்ச்சி

இருபது நிமிஷம், அதே வளவில். மேடை, மைக், பொன்னாடை எதுவும் வேண்டாம். பெற்றோரைத் தாழ்வாரத்தில் பாயில் உட்கார வையுங்கள். முதலில் நீங்கள் எழுதிய மோகனம், அடுத்து நோட்டுஸ்வரம், மூன்றாவதாகப் பிள்ளைகளே எழுதிய ஒன்று. அந்த மூன்றாவதற்கு ஒரு மாதம் முன்பே வேலை கொடுங்கள்: ஐந்து ஸ்வரம், எட்டு ஆவர்த்தனம், புதிய பிள்ளைக்குக் கட்டாயம் ஒரு வெறுந்தந்தி வரி. வருவதையெல்லாம் குழு வாசித்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். தாளின் மேலே எழுதிய பிள்ளையின் பெயர், தேதி, எந்தெந்த வாத்தியத்துக்கு என்ற விவரம் மூன்றும் இருக்க வேண்டும். நகல் எடுத்து எல்லாருக்கும் கொடுங்கள். அடுத்த ஞாயிறு புதிதாகச் சேரும் பிள்ளைக்கு முதல் பாடம் அந்தத் தாள்தான்.