சக்குபந்தி இல்லாத பத்திரம்: ஆரம்பகால அமெரிக்க நில ஆவணத்தை வாசிக்கும் முறை

1800களின் தொடக்கத்தில் ஓஹையோ ஆற்றுக்கு வடக்கே விற்கப்பட்ட நிலத்தின் ஆவணத்தை எடுத்துப் பார்த்தால், நாம் பழகிய சக்குபந்தி அதில் இருக்காது. கிழக்கே இன்னார் நிலம், மேற்கே வாய்க்கால் என்ற பேச்சே கிடையாது. இப்படி ஒரு வரிதான் இருக்கும்: "வடமேற்குக் கால், செக்‌ஷன் 27, டவுன்ஷிப் 4 வடக்கு, ரேஞ்ச் 3 கிழக்கு, 2ஆம் பிரதான தீர்க்கரேகை." இந்த ஒரு வரியை வைத்தே நிலத்தைக் கண்டுபிடிக்கலாம், பரப்பைச் சொல்லலாம், எந்தச் சட்டத்தில் என்ன விலைக்கு விற்றிருப்பார்கள் என்றும் ஏறக்குறையச் சொல்லலாம்.

முதலில் அளவுகள். 1785 நிலச் சட்டம் வகுத்த டவுன்ஷிப் 6 மைல் சதுரம். அதற்குள் ஒரு மைல் சதுரமாக 36 செக்‌ஷன்கள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். கால் செக்‌ஷன் 160, அதில் பாதி 80, காலில் கால் 40. அளந்த கருவி கன்டர் சங்கிலி: 66 அடி நீளம், 100 லிங்க். 80 சங்கிலி ஒரு மைல், 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். நம் ஊர்ப் பத்திரத்து ஏக்கரும் சென்ட்டும் இதே சங்கிலிக்குச் சொந்தக்காரர்கள்தாம்; ஒரு சென்ட் என்பது சரியாக 1,000 சதுர லிங்க்.

வரியைப் பின்னாலிருந்து படியுங்கள்

கடைசியில் வரும் தீர்க்கரேகைதான் தொடக்கம். ஒவ்வொரு பிரதான தீர்க்கரேகையையும் ஓர் அடிப்படைக்கோடு கிழக்கு மேற்காக வெட்டும். எண்ணிக்கை அந்த வெட்டுப்புள்ளியிலிருந்து தொடங்கும். 2ஆம் ரேகை இந்தியானாவில் ஓடுகிறது. 5ஆம் ரேகையின் வெட்டுப்புள்ளி அர்கன்சாவில் ஒரு சதுப்புநிலத்தில் இருக்கிறது. 1803இல் லூயிசியானாவை 1.5 கோடி டாலருக்கு வாங்கிய பிறகு, 1815இல் அங்கே அளவையைத் தொடங்கினார்கள். ரேகையின் பெயர் தெரியாவிட்டால் மேலே போகாதீர்கள். டவுன்ஷிப் 4, ரேஞ்ச் 3 என்பது ஒவ்வொரு ரேகைக்கும் தனித்தனியாக இருக்கும்.

ரேஞ்ச் என்பது ரேகையிலிருந்து கிழக்கிலோ மேற்கிலோ எத்தனையாவது 6 மைல் பட்டை என்பது. டவுன்ஷிப் எண், அடிப்படைக்கோட்டிலிருந்து வடக்கிலோ தெற்கிலோ எத்தனையாவது என்பது. பலரும் சறுக்குவது இங்கேதான். 4 வடக்கு என்றவுடன் 24 மைல் என்று பெருக்கிவிடுவார்கள். நான்காவது பட்டையின் தென் விளிம்பு 18 மைலில்தான் இருக்கிறது. 24 அதன் வட விளிம்பு. எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்த பிறகு 6ஆல் பெருக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் டவுன்ஷிப்பின் தென்மேற்கு மூலை 18 மைல் வடக்கே, 12 மைல் கிழக்கே வருகிறது.

அடுத்தது செக்‌ஷன். 1796 சட்டத்துக்குப் பிறகு எண்கள் ஏர் உழுவதுபோல வளைந்து வளைந்து போகும்:

6 5 4 3 2 1
7 8 9 10 11 12
18 17 16 15 14 13
19 20 21 22 23 24
30 29 28 27 26 25
31 32 33 34 35 36

மேல்பக்கம் வடக்கு. 27 ஐந்தாவது வரிசையில் மேற்கிலிருந்து நான்காவது. எனவே அதன் தென்மேற்கு மூலை டவுன்ஷிப் மூலையிலிருந்து 3 மைல் கிழக்கு, 1 மைல் வடக்கு. வெட்டுப்புள்ளியிலிருந்து கணக்கிட்டால் 15 மைல் கிழக்கு, 19 மைல் வடக்கு. வடமேற்குக் கால் அதற்கு மேலே அரை மைல் தள்ளி, 19½க்கும் 20க்கும் நடுவே விழும். 160 ஏக்கர்.

கால், பாதி என்று அடுக்கி வரும் இடத்தில் ஒரே ஒரு இணைப்புச் சொல் பரப்பையே மாற்றிவிடும். "தென்மேற்குக் காலின் வடபாதி" என்றால் 80 ஏக்கர். "வடபாதியும் தென்மேற்குக் காலும்" என்றால் 320உம் 160உம் சேர்ந்து 480 ஏக்கர். கையெழுத்துப் பிரதியில் ஒரு காற்புள்ளியைக் கவனிக்காமல் விட்டால் ஆறு மடங்கு பிழை. ஆவணத்திலேயே எழுதியிருக்கும் ஏக்கர் எண்ணோடு ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுவிடுங்கள்.

பழைய எண்முறை

1785 சட்டப்படி முதலில் அளந்த பகுதிக்கு ஏழு ரேஞ்சுகள் என்று பெயர். ஓஹையோவின் கிழக்கு விளிம்பில் உள்ளது. அரசின் தலைமை நில அளவையாளர் தாமஸ் ஹட்சின்ஸ் 1785 செப்டம்பர் 30 அன்று பென்சில்வேனியா எல்லையும் ஓஹையோ ஆறும் சந்திக்கும் இடத்திலிருந்து மேற்கே கோடு இழுக்கத் தொடங்கினார். இங்கே பிரதான தீர்க்கரேகை என்ற ஏற்பாடே கிடையாது. ரேஞ்சை பென்சில்வேனியா எல்லையிலிருந்து மேற்காகவும், டவுன்ஷிப்பை ஆற்றங்கரையிலிருந்து வடக்காகவும் எண்ண வேண்டும். செக்‌ஷன் எண்களோ தென்கிழக்கு மூலையில் 1 என்று தொடங்கி வடக்கே 6 வரை ஏறும். பிறகு அடுத்த நெடுவரிசையின் அடியில் 7 என்று மறுபடி தெற்கிலிருந்து ஏறும்.

36 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் அது வடமேற்கு மூலை, புதிய முறையில் தென்கிழக்கு மூலை. டவுன்ஷிப்பின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி. அந்தப் பிழை உடனே கண்ணில் படும். 16தான் ஆபத்தானது. இரண்டு முறையிலும் அது மூன்றாவது வரிசையில் விழும். பழையதில் மேற்கிலிருந்து நான்காவது, புதியதில் மூன்றாவது. ஒரே ஒரு மைல் வித்தியாசம் என்பதால் தப்பு நடந்ததே தெரியாது. அதிலும் 16ஆம் செக்‌ஷன் பள்ளிக்கூடத்துக்கென்று சட்டமே ஒதுக்கி வைத்தது. பக்கத்து விவசாயியின் நிலத்தைப் பள்ளி நிலம் என்று எழுதிவிடும் வாய்ப்பு இங்கே அதிகம். ஓஹையோ கம்பெனி என்ற நில நிறுவனம் மொத்தமாக வாங்கிய நிலத்திலும் ஜான் சிம்ஸ் என்ற நில வணிகர் வாங்கிய நிலத்திலும் இதே பழைய எண்முறைதான்.

ஓஹையோ மாநிலம் மொத்தத்தையுமே சந்தேகத்தோடு அணுகுவது நல்லது. கனெக்டிகட் தனக்கென்று வைத்துக்கொண்ட வடகிழக்கு மூலையில் டவுன்ஷிப் 5 மைல் சதுரம். போர்வீரர்களுக்கு ஒதுக்கிய கூட்டாட்சி நிலத்திலும் 5 மைல்தான். சயோட்டோ, லிட்டில் மயாமி ஆறுகளுக்கு நடுவே வர்ஜீனியா தன் சிப்பாய்களுக்கு ஒதுக்கிய பகுதியில் கட்டமே கிடையாது. அங்கே மரம், ஓடை, பாறை என்று போகும் பழைய சக்குபந்திதான். மாநிலங்கள் தங்கள் மேற்கு உரிமையை மத்திய அரசுக்கு விட்டுக்கொடுத்தபோது, கொஞ்சம் பிடித்துக்கொண்டு விட்டுக்கொடுத்ததன் தழும்பு இது. கென்டக்கியிலும் டென்னசியிலும் பழைய 13 மாநிலங்களிலும் மேலே சொன்ன எந்தக் கணக்கும் கைகொடுக்காது.

எண் சரி, நிலம் ஏன் சரியாக இல்லை?

பூமி உருண்டை. வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கும். 40 டிகிரி அட்சத்தில் ஒரு டவுன்ஷிப்பின் வட விளிம்பு தென் விளிம்பைவிடச் சுமார் 40 அடி குறுகும். 6 மைல் சதுரம் என்பது காகிதத்தில் மட்டுமே சாத்தியம். 1800 சட்டம் இதற்கு ஒரு வழி சொன்னது: மிச்சமோ பற்றாக்குறையோ, எல்லாவற்றையும் வடக்கு வரிசையிலும் மேற்கு நெடுவரிசையிலும் தள்ளிவிடு. அதனால் 1 முதல் 6 வரையும், 7, 18, 19, 30, 31 ஆகியவையும் 640க்குக் கூடவோ குறையவோ இருந்தால் அது எழுத்துப்பிழை அல்ல. 6ஆம் செக்‌ஷன் இரண்டு பக்கமும் அடி வாங்கும்.

மனிதர்கள் செய்த பிழை வேறு வகை. காட்டில் சர்வேயர்கள் பெரும்பாலும் 33 அடி அரைச் சங்கிலியைத்தான் இழுத்தார்கள். முன்னால் போகிறவர் ஒவ்வொரு நீளத்துக்கும் ஓர் ஊசி குத்துவார். பத்து நீளம் முடிந்தால் ஒரு கணக்கு. ஒரு கணக்கை மறந்தால் 330 அடி போய்விடும். பிழை 33 அல்லது 330 அடியின் மடங்காக வந்தால் ஊசிக் கணக்கைச் சந்தேகியுங்கள். வேலைக்குக் கூலி மைல் கணக்கு: 1785 சட்டத்தில் மைலுக்கு 2 டாலர், சங்கிலி பிடிப்பவர் கூலியும் அதற்குள்ளேயே. 1796இல் உச்சவரம்பு 3 டாலர். வேகமாக நடந்தவருக்கே லாபம். போதாக்குறைக்கு, உண்மை வடக்கைப் பார்த்து அளக்க வேண்டும் என்ற நிபந்தனையை 1786இல் காங்கிரஸே விலக்கிக்கொண்டது. முதல் ரேஞ்சுகளின் கோடுகள் காந்த ஊசி காட்டிய வழியில் சாய்ந்து கிடப்பது இதனால்தான்.

மூலையை உறுதி செய்ய சர்வேயரின் களக்குறிப்பேட்டைத் திறக்க வேண்டும். மூலையில் ஒரு கம்பம் நட்டு, அருகே இருக்கும் மரங்களைச் செதுக்கி அடையாளம் செய்து, மரத்தின் வகை, பருமன், திசை, தூரம் எல்லாவற்றையும் எழுதியிருப்பார்கள். "வெள்ளை ஓக், 14 அங்குலம், தெற்கு 40 கிழக்கு, 23 லிங்க்" என்ற பாணியில் இருக்கும். 23 லிங்க் என்பது 15 அடி சொச்சம். கணக்குப்படி வரும் மூலையும் அன்று நட்ட மூலையும் ஒத்துப்போகாவிட்டால், நட்ட மூலைக்குத்தான் வெற்றி. 1805 சட்டம் அதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. கணக்குப் போட்டுக் கோட்டை "சரிசெய்ய" முயலாதீர்கள்.

விலையிலிருந்து சட்டத்தைக் கண்டுபிடித்தல்

ஏக்கர் எண்ணும் டாலர் தொகையும் சேர்ந்தால் ஆண்டு பிடிபடும். 1785இல் ஏக்கருக்குக் குறைந்தது 1 டாலர், சிறு அளவு 640 ஏக்கர். 1796இல் விலையை 2 டாலர் ஆக்கினார்கள், அளவைக் குறைக்கவில்லை. 1,280 டாலர் வைத்திருந்த குடியேறி எத்தனை பேர்? விற்பனை படுத்துவிட்டது. நிலத்தைப் பெரிய துண்டாக விற்று அரசின் கடனை அடைப்பதா, உழுகிறவன் கைக்கு எட்டும்படி விற்பதா என்பதுதான் அன்றைய சண்டை. 1800இல் வடமேற்குப் பிரதேசத்தின் பிரதிநிதி வில்லியம் ஹென்றி ஹாரிசன் 320 ஏக்கரையும் தவணை முறையையும் கொண்டுவந்தார். ஜெஃபர்சன் ஆட்சியில், 1804இல், அது 160 ஆனது.

அந்த 160 ஏக்கரின் தவணை எப்படி ஓடியது என்று பாருங்கள். மொத்தம் 320 டாலர். வாங்கும் நாளில் இருபதில் ஒரு பங்கு, 16 டாலர். 40 நாளுக்குள் அதையும் சேர்த்து 80. இரண்டாம், மூன்றாம், நான்காம் ஆண்டு முடிவில் தலா 80. கடைசித் தவணை தாண்டி ஓராண்டு ஆகியும் கட்டாவிட்டால் நிலம் கையைவிட்டுப் போகும். 1804க்குப் பிறகு முழுத்தொகையையும் உடனே கட்டியவருக்குத் தள்ளுபடி போக ஏக்கர் 1.64 டாலர். 160 ஏக்கருக்கு 262.40 என்ற விசித்திரத் தொகை கண்ணில் பட்டால் காரணம் அதுவே. 2 டாலர் என்பது ஏலத்தின் அடிவிலை. நல்ல நிலம் அதற்கு மேலேயும் போயிருக்கலாம்.

1819 பொருளாதார நெருக்கடியில் தவணை முறை கவிழ்ந்தது. அரசுக்கு வரவேண்டிய நிலக்கடன் 2 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. 1820 ஜூலை 1 முதல் கடன் கிடையாது, ஏக்கர் 1.25 டாலர், 80 ஏக்கர். 100 டாலர் ரொக்கம் என்று பதிவு இருந்தால் இந்தச் சட்டம்தான். 160 ஏக்கர் வாங்கியவர் பெயரில் 80 மட்டும் பட்டாவானால் (பட்டா என்பது அரசு தரும் முதல் உரிமைப் பத்திரம்) ஏமாற்றம் நடந்ததாக முடிவு கட்டிவிடாதீர்கள். பாதியைத் திருப்பிக் கொடுத்து மீதிக்குக் கணக்கு முடித்துக்கொள்ள 1821 நிவாரணச் சட்டம் இடம் கொடுத்தது. 40 ஏக்கர் துண்டு 1832இல்தான் வந்தது.

அளவைக்கு முந்தைய ஆவணம்

பட்டாவில் முந்தைய உரிமையாளராக அமெரிக்க அரசுதான் தெரியும். அதற்கு முன்னால் யாருடையது என்பதை ஒப்பந்தங்களில் தேட வேண்டும். சங்கிலி இழுக்கும் முன் பூர்வகுடிகளிடமிருந்து நிலத்தை எழுதி வாங்கியிருக்க வேண்டும் என்பது விதி. தென், கிழக்கு ஓஹையோவின் பெரும்பகுதிக்கு 1795 கிரீன்வில் ஒப்பந்தம். அது தானாக நடந்தது அல்ல. 1791இல் பூர்வகுடிகளிடம் அமெரிக்கத் தளபதி செயின்ட் கிளேரின் படை 600க்கு மேற்பட்டோரை இழந்து சிதறியது, 1794இல் ஃபாலன் டிம்பர்ஸ் போரில் தளபதி வேய்ன் அவர்களை வென்றார், அதற்கு அடுத்த ஆண்டு கையெழுத்தானது. இந்தியானாவில் ஹாரிசன் 1809இல் ஃபோர்ட் வேய்னில் ஏறக்குறைய 30 லட்சம் ஏக்கர் பெற்றார். எல்லா மக்களுக்கும் பொதுவான நிலத்தைச் சிலர் விற்க முடியாது என்று ஷானி பூர்வகுடித் தலைவர் டெகும்சே எதிர்த்தார். 1811 நவம்பர் 7 அன்று ஹாரிசன் படைக்கும் டெகும்சேயின் கூட்டணிக்கும் நடந்த டிப்பகனூ மோதலுக்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் டவுன்ஷிப் எந்த ஒப்பந்தக் கோட்டுக்குள் விழுகிறது என்று வரைபடத்தில் பாருங்கள். கோடு கட்டத்துக்குக் குறுக்கே சாய்வாக ஓடினால், அங்குள்ள செக்‌ஷன்கள் முக்கோணமாக வெட்டுப்பட்டு இரு வேறு ஆண்டுகளில் அளக்கப்பட்டிருக்கும்.

கடைசியாகக் கையெழுத்து. பட்டாவின் அடியில் அதிபர் ஜாக்சன் பெயரைப் பார்த்துவிட்டு, அவரே கையெழுத்திட்டது என்று நம்பி விலை பேசுகிறவர்கள் உண்டு. 1833 மார்ச் 2 சட்டம் அதிபர் சார்பில் பட்டாவில் கையெழுத்திட ஒரு செயலரை நியமிக்க இடம் கொடுத்தது. அதற்குப் பிந்தைய தேதியுள்ள பட்டாவில் அதிபரின் பெயருக்குக் கீழே "சார்பாக, செயலர்" என்று இன்னொரு பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். அதைத் தேடிப் பாருங்கள்.