ரிட்டர்ன் டிக்கெட் தேதி போன பிறகு: குழந்தை வேறு நாட்டில் இருக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

“அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றோம்” என்று, குழந்தையோடு வெளிநாடு போன துணையிடமிருந்து மெசேஜ் வருகிறது. “சரி, எப்போ முடியுதோ அப்போ வாங்க” என்று பதில் போகிறது. சண்டை வேண்டாமே என்று எழுதிய பதில்தான். ஆனால் ஆறு மாதம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் நீட்டும் முதல் ஆவணம் அந்த ஸ்கிரீன்ஷாட்டாக இருக்கலாம்.

ஒரு பெற்றோர் வேறு நாட்டுக்குக் கொண்டுபோன அல்லது அங்கேயே நிறுத்திக்கொண்ட குழந்தையைத் திருப்பி அனுப்ப வைப்பது, குழந்தைக் கடத்தல் தொடர்பான 1980-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தம். அதன் 13-ஆவது பிரிவு, குழந்தையைப் பிரிந்து நிற்கும் பெற்றோர் முன்பே சம்மதித்திருந்தாலும், பிறகு ஏற்றுக்கொண்டிருந்தாலும், குழந்தையைத் திருப்பி அனுப்ப மறுக்க நீதிமன்றத்துக்கு இடம் கொடுக்கிறது. கூடுதல் நாள் கொடுக்க மனசு இருந்தால் கொடுங்கள்; தேதியோடு கொடுங்கள். “15-ஆம் தேதி வரை மட்டும். அதற்கு மேல் எனக்குச் சம்மதம் இல்லை.” படிக்க விறைப்பாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

அடுத்தது, காத்திருப்பது. பெரியவர்களை வைத்துப் பேசிப் பார்ப்போம், பள்ளி விடுமுறை முடியட்டும் என்று மாதங்கள் ஓடிவிடும். குழந்தையைத் தவறாகக் கொண்டுபோன அல்லது நிறுத்திக்கொண்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்கு வந்தால், விதிவிலக்குகள் பொருந்தாதவரை நீதிமன்றம் குழந்தையைத் திருப்பி அனுப்பியாக வேண்டும். ஓராண்டு தாண்டிவிட்டால், “குழந்தை இங்கே வேரூன்றிவிட்டது” என்ற வாதத்துக்கு வழி திறக்கிறது. இதில் பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு: குழந்தை இருக்கும் நாட்டில் வழக்கு தொடங்கிய தேதிதான் கணக்கு. இந்த ஒப்பந்தத்துக்கான சொந்த நாட்டு அரசு அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்த ரசீதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. குழந்தைக்கு 16 வயது ஆகிவிட்டால் இந்த ஒப்பந்தமே பொருந்தாது.

ஒப்பந்தம் எல்லா இடத்திலும் செல்லும் என்று நினைப்பதும் தவறு. நூறு நாடுகளுக்கு மேல் சேர்ந்திருக்கின்றன. ஜப்பான் 2014-இல்தான் வந்தது, இந்தியா இன்னும் சேரவில்லை. பிறகு சேர்ந்த நாட்டை மற்ற நாடு தனியாக ஏற்றுக்கொண்டிருந்தால்தான் அந்த இரண்டுக்கும் நடுவில் அது செல்லும். ஆகவே வக்கீலிடம் முதல் கேள்வி, “இந்த இரண்டு நாடுகளுக்கு இடையே நடைமுறையில் இருக்கிறதா?” என்பதுதான். பதில் இல்லை என்றால் பாதையே வேறு. இந்தியாவில் உயர் நீதிமன்றத்தில், குழந்தையை நேரில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் ஆட்கொணர்வு மனு போடுவார்கள். அங்கே குழந்தையின் நலனே முதலில், வெளிநாட்டுத் தீர்ப்பு கவனிக்கப்படும் அம்சங்களில் ஒன்று மட்டுமே.

அப்புறம், இதை விவாகரத்து வழக்கு மாதிரி நடத்துவது. யார் நல்ல அப்பா, யார் கோபக்காரி என்று நாற்பது பக்கம் எழுதிக்கொண்டு வருவார்கள். ஹேக் வழக்கில் நீதிபதி கேட்பது வேறு: குழந்தை எந்த நாட்டில் வழக்கமாக வாழ்ந்தது? உங்களுக்குக் கஸ்டடி உரிமை இருந்ததா, அதை நடைமுறையில் பயன்படுத்தி வந்தீர்களா? யாரிடம் வளர வேண்டும் என்பதை அந்த நாட்டு நீதிமன்றம் பிறகு பார்த்துக்கொள்ளும். பள்ளி வருகைப் பதிவு, தடுப்பூசி அட்டை, வாடகை ஒப்பந்தம், ரிட்டர்ன் டிக்கெட் ஆகிய நான்கு காகிதமும் அந்த நாற்பது பக்கத்தைவிட கனமானவை.

கோபத்தில் போலீஸ் புகார் கொடுப்பதற்கு முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கைது வாரண்ட் நிலுவையில் இருந்தால், “நான் கூடப் போனால் உள்ளே தள்ளிவிடுவார்கள், குழந்தை தனியாகிவிடும்” என்று எதிர்த்தரப்பு சொல்லும். ஆள் வைத்துக் குழந்தையைத் தூக்கி வருவது பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த நிமிடம் கடத்தியவர் நீங்களாகிவிடுவீர்கள்.

கூட்டிக்கொண்டு போனவர் பக்கமும் தவறு உண்டு. “என் பிள்ளையை நான் கூட்டிப் போனால் கடத்தலா?” என்பார்கள். மற்றவருக்கும் கஸ்டடி உரிமை இருந்தால், ஆம். குழந்தையின் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பது இதை மாற்றாது. அடி, மிரட்டலுக்குப் பயந்து ஓடி வந்தவர்களும் இருக்கிறார்கள். திரும்பினால் குழந்தைக்குக் கடுமையான ஆபத்து என்பதை ஒப்பந்தம் ஏற்கிறது, ஆனால் நிரூபிக்கும் பொறுப்பு அவர்களுடையது. மருத்துவக் குறிப்பு, பழைய புகார் நகல், மிரட்டல் குரல் பதிவு எதையும் அழிக்கக் கூடாது. நேரம் இருந்தால், கிளம்பும் முன்பே இடம் மாற நீதிமன்ற அனுமதி கேட்பதுதான் சரியான வழி.

கடைசியாக வீடியோ கால். “யார்கூட இருக்கணும்னு நீயே அங்கிள்கிட்ட சொல்லு” என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். போதிய வயதும் பக்குவமும் உள்ள குழந்தையின் எதிர்ப்பை நீதிமன்றம் கேட்கும்; யாரோ எழுதிக் கொடுத்த வசனம் ஏழு வயதுக் குரலில் வரும்போது, கேட்டுப் பழகிய காதுக்குத் தெரிந்துவிடும். விழுந்த பல் எது, புது டீச்சர் பெயர் என்ன என்று கேளுங்கள்.