வெள்ளை பூத்த மண்: உப்பா, ஜிப்சமா? அடுக்களையில் வைத்துப் பார்க்கும் முறை

போன டிசம்பரில் லீவில் வந்த தம்பி, பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்து வைத்தது ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். உள்ளே மண். ராணுவத்தில் இருக்கிறான், இப்போது பீகானேர் பக்கம். "அக்கா, முகாம் வாசல்ல பத்து வேப்பங்கன்னு வெச்சோம். பத்தும் காஞ்சு போச்சு. எல்லாரும் உப்பு மண்ணுங்கிறாங்க. நீதான் கெமிஸ்ட்ரி டீச்சராச்சே, உப்புதானான்னு பாத்துச் சொல்லு" என்றான்.

நான் 22 வருடம் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள். இப்போது கோத்தகிரியில் ஒன்றரை ஏக்கரில் கேரட், உருளை, பூண்டு. எங்கள் மண்ணை ஈரத்தோடு உள்ளங்கையில் அழுத்தினால் சிவப்பாய் ஒட்டிக்கொள்ளும், கழுவினாலும் ரேகைக்குள் நிற்கும். அவன் கொண்டுவந்த மண் விரலிடுக்கில் மைதா மாதிரி ஓடியது. நடுநடுவே கண்ணாடிச் சில்லு போல ஏதோ மினுங்கியது. அந்த மினுமினுப்பைப் பார்த்ததுமே இது வெறும் உப்பு இல்லை என்று தோன்றியது. ஆனால் தோன்றியதை வைத்துச் சொல்லக் கூடாது, சோதித்துத்தான் சொல்ல வேண்டும். சோதித்த முறையை எழுதுகிறேன். ராஜஸ்தான் வரை போக வேண்டாம், பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பக்கம் போனாலே களிமண்ணுக்குள் ஜிப்சம் (கால்சியமும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) நரம்பு நரம்பாக ஓடுவதைப் பார்க்கலாம்.

மண்ணில் வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் மூன்றில் ஒன்று: உப்பு, ஜிப்சம், சுண்ணாம்பு. மூன்றும் கலந்தும் இருக்கும். அதனால் முதலில், எது என்று நிச்சயமாகத் தெரிந்த மூன்று பொருள்களை மேடையில் வையுங்கள். கல் உப்பு கொஞ்சம். முட்டை ஓடு பொடித்தது, அது சுண்ணாம்பு. ஜிப்சத்துக்கு ஒரு சாதாரண சாக்பீஸ். கரும்பலகையில் எழுதினால் தூள் கொட்டும் பழைய ரகம்தான் வேண்டும். தூள் கொட்டாத சாக்பீஸில் இருப்பது வேறு, அது சுண்ணாம்பு வகை. இந்த மூன்றிலும் ஒவ்வொரு சோதனையையும் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டு, அப்புறம் மண்ணுக்கு வாருங்கள். தெரிந்ததைப் பார்த்துப் பழகாத கண்ணுக்குத் தெரியாதது பிடிபடாது.

முதல் சோதனை வினிகர். ஒரு ஸ்பூன் மண்ணில் நாலைந்து சொட்டு விட்டு, கிண்ணத்தைக் காதருகே கொண்டுபோங்கள். சுண்ணாம்பு இருந்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்குக் கேட்கும், மெல்லிய 'ஸ்ஸ்' என்று. ஜிப்சமும் உப்பும் சத்தமே போடாது. ஒரு எச்சரிக்கை: களர் மண்ணில் இருக்கும் சோடா உப்பும் பொங்கும். சந்தேகம் வந்தால் மண்ணைத் தண்ணீரில் இரண்டு மூன்று முறை கலக்கி, தெளிந்த நீரைக் கொட்டிவிட்டுத் திரும்பப் பாருங்கள். சோடா கழுவிக்கொண்டு போய்விடும், சுண்ணாம்பு நிற்கும்.

அடுத்தது நகம். மினுங்கும் சில்லு ஒன்றைப் பொறுக்கி நகத்தால் கீறுங்கள். ஜிப்சம் என்றால் கீறல் விழும். சுண்ணாம்புப் படிகம் நகத்துக்கு மசியாது. நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. எந்த ஊர் மண், அதில் என்ன கலந்திருக்கும் என்று தெரியாது, அதனால் வேண்டாம்.

இனி வருவதுதான் முக்கியமான சோதனை, இதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் சமையல் உப்பு 350 கிராமுக்கு மேல் கரையும். ஜிப்சம் சுமார் 2.5 கிராம்தான் கரையும், அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் அடியில் தங்கிவிடும். இந்த வித்தியாசத்தை வைத்தே இரண்டையும் பிரித்துவிடலாம். உப்போ ஜிப்சமோ கரையக் கரையத் தண்ணீர் மின்சாரத்தை அதிகம் கடத்தும், அந்த மின்கடத்துதிறனைக் காட்டும் பேனா மாதிரியான மீட்டர் ஒன்று வேண்டும். டிடிஎஸ் மட்டும் காட்டுவதைவிட, மின்கடத்துதிறனை நேராகக் காட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள். தண்ணீருக்கு பேட்டரியில் ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும்.

பத்துப் பத்து கிராமாக மண்ணை நாலு பாட்டிலில் போடுங்கள். ஒன்றில் 50 மில்லி தண்ணீர், அடுத்ததில் 100, அடுத்து 200, கடைசியில் 500. நன்றாகக் குலுக்கி இரவு முழுக்க வையுங்கள், நடுவில் இரண்டு மூன்று தடவை குலுக்குங்கள். ஜிப்சம் மெதுவாகத்தான் கரையும், அவசரப்பட்டால் ஏமாற்றும். காலையில் தெளிந்த நீரில் மீட்டரை வைத்துப் பாருங்கள். உப்பு மட்டும் என்றால், தண்ணீர் இரண்டு மடங்கானால் அளவு ஏறக்குறையப் பாதியாகும். ஜிப்சம் நிறைய இருந்தால், எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் 2.2 டெசிசீமன்ஸ் (மின்கடத்துதிறனின் அலகு) பக்கம் வந்து நின்றுவிடும், ஏனென்றால் அடியில் இருப்பது கரைந்து கரைந்து ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். தம்பியின் மண்ணில் எனக்குக் கிடைத்தது: 6.1, 4.2, 3.1, 2.6. முதல் பாட்டிலில் உப்பின் கை ஓங்கியிருக்கிறது. கடைசிப் பாட்டிலில் உப்பு நீர்த்துப்போய் ஜிப்சம் மட்டும் பிடித்து நிற்கிறது. அதாவது இரண்டும் இருக்கிறது. ஒரே ஒரு பாட்டிலில் அளந்திருந்தால் "உப்பு மண்" என்று சொல்லி முடித்திருப்பேன்.

பரிசோதனைக் கூடத்தில் 4 டெசிசீமன்ஸுக்கு மேல் போனால் உவர் மண் என்பார்கள். அது மண்ணைக் குழைத்துக் களியாக்கி, அதிலிருந்து பிழிந்தெடுத்த நீருக்கான அளவு. நம் பாட்டில் அளவுகளை அதோடு நேராக ஒப்பிடக் கூடாது.

கண்ணால் பார்த்தால்தான் மனசு ஆறும் என்பவர்களுக்கு இன்னொன்று. மினுங்கும் சில்லுகளைப் பொறுக்கி இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன். கோத்தகிரி டிசம்பரில் வெயில் கிடைப்பதே பெரிது, அதனால் நாலு நாள் ஆனது. காய்ந்ததை டெஸ்ட் டியூபில் போட்டு, வாயை முகத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்த்துப் பிடித்து, சிறு தீயில் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் குழாயின் கழுத்தில் ஆவி படிந்தது, பிறகு முத்து முத்தாகத் தண்ணீர். எலும்பாகக் காய்ந்த சில்லுக்குள்ளிருந்து தண்ணீர்! கண்ணாடியாக இருந்தது பால் வெள்ளையாகி உதிர்ந்தது. ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் தண்ணீர்தான், படிகத்துக்குள் கட்டுண்டு கிடக்கிறது. அதில் முக்கால் பங்கு போனால் மிச்சம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். அந்தத் தூளில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து வைத்தேன். அரிசி களைந்து உலை வைத்துத் திரும்பும்போது கல்லாகப் பிடித்திருந்தது.

இதில் ஒரு உபயோகமும் உண்டு. மண்ணின் ஈரத்தை அளக்க 105 டிகிரியில் காயவைப்பது வழக்கம். ஜிப்சம் மண் அந்தச் சூட்டில் தன் சொந்தத் தண்ணீரையும் விட்டுவிடும், ஈரம் இல்லாத மண்ணில் ஈரம் இருப்பதாகக் கணக்கு வரும். இப்படிப்பட்ட மண்ணைச் சோதனைக்குக் கொடுத்தால், 50 டிகிரிக்கு மேல் போகாமல் காயவைக்கச் சொல்லிக் கொடுங்கள்.

இந்த மண் ஏன் பாலைவனத்தில் தங்குகிறது, எங்கள் மலையில் இல்லை? மழை. எங்கள் மலையில் பெய்கிற மழைக்கு உப்பும் ஜிப்சமும் தங்காது, கரைந்து போய்விடும். பீகானேரில் வருடத்துக்கு 300 மில்லிமீட்டர்கூடப் பெய்வதில்லை. கொஞ்சமாக வரும் நீர் கரைத்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்க வழியில்லாமல், வழியிலேயே ஆவியாகி விட்டுவிட்டுப் போகிறது. விடுவதிலும் ஒரு வரிசை உண்டு: சீக்கிரம் கரையாத சுண்ணாம்பு முதலில், பிறகு ஜிப்சம், கடைசியாக உப்பு. எனவே மண்ணின் அடுக்கைப் பார்த்தால் தண்ணீர் எந்தப் பக்கம் நடந்தது என்று தெரிந்துவிடும். மேலே சுண்ணாம்பு, அதற்குக் கீழே ஜிப்சம், ஆழத்தில் உப்பு என்றால் மழைநீர் கீழே இறங்கியிருக்கிறது. தலைகீழாக மேலே உப்பு, நடுவில் ஜிப்சம், அடியில் சுண்ணாம்பு என்றால் நிலத்தடி நீர் மேலே ஏறி ஆவியாகிக்கொண்டிருக்கிறது.

அதனால் தம்பியிடம், ஒரு பாட்டில் போதாது, மேல் பொருக்கு, ஒரு அடி, மூன்று அடி என்று தனித்தனிப் பொட்டலம் வேண்டும் என்றேன். அடுத்த லீவில் கொண்டுவந்தான். பொருக்கில் உப்பு அதிகம், ஒரு அடியில் ஜிப்சம், மூன்று அடி மண் வினிகரில் சத்தம் போட்டது. "பக்கத்துல வாய்க்கா ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டேன். "ஆமாக்கா, கால்வாய்த் தண்ணி பாயுற வயல்தான் அந்தப் பக்கம் பூரா" என்றான். சரி, கதை அதுதான். அடியில் இறுகிய அடுக்கு இருந்தால் பாய்ச்சிய தண்ணீர் கீழே போக வழியின்றித் தேங்கி மேலே ஏறும். கூடவே உப்பும் ஏறும்.

நம் மலைக்காரர்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். ஏழு வருடத்துக்கு முன் என் உருளைத் தோட்டத்துக்குச் சுண்ணாம்பு வாங்கப் போனேன். மண் புளித்துப்போய் கார அமில நிலை 4.8 என்று வந்திருந்தது. கடையில் சுண்ணாம்பு இல்லை, "இதுவும் கால்சியந்தான் டீச்சர், இதையே போடுங்க" என்று ஜிப்சம் மூட்டையைக் கொடுத்தார்கள். நானும் மறுக்காமல் வாங்கிப் போட்டேன். அடுத்த வருடமும் அதே 4.8. ஜிப்சம் கால்சியமும் கந்தகமும் தரும், ஆழத்தில் அலுமினியத்தின் தொல்லையைக் கொஞ்சம் குறைக்கும், ஆனால் புளிப்பை எடுக்காது. அதற்குச் சுண்ணாம்போ டோலமைட்டோதான் வேண்டும். ஜிப்சத்தின் வேலை களர் நிலத்தில்: சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் கால்சியம் உட்காரும். நிலக்கடலைக்கும் போடுகிறார்கள், ஹெக்டேருக்கு 400 கிலோ, விதைத்து 40, 45 நாளில். புளித்த மண்ணுக்கு என்று மூட்டை வாங்கினால், கடையிலேயே ஒரு சிட்டிகை எடுத்து வினிகர் விட்டுப் பாருங்கள். பொங்கவில்லை என்றால் அது உங்கள் மூட்டை இல்லை.

தம்பி ஆழமாகக் குழி வெட்டி, உரம் நிரப்பி, மறுபடி வேம்பு வைக்கலாம் என்றிருந்தான். வேண்டாம் என்றேன். குழி வெட்டினால் கன்று உப்பு நீருக்குப் பக்கத்தில் போய் உட்காரும். வேர் இறுகிய ஜிப்சத்துக்குள் நுழையாது. அங்கே கால்சியத்துக்கும் கந்தகத்துக்கும் குறைவில்லை, மணிச்சத்தும் சாம்பல் சத்தும்தான் செடிக்கு எட்டாது, அதனால் ஜிப்சமோ சுண்ணாம்போ ஒரு பிடிகூடச் சேர்க்காதே என்றேன். இரண்டு அடி உயரத்துக்கு மேடு கட்டு, மட்கிய சாணம் கலந்த நல்ல மணலில் நடு, மேட்டின் தலையிலிருந்து நல்ல தண்ணீர் ஊற்று, உப்பு கீழே இறங்கட்டும். மேட்டைச் சுற்றி ஒரு சாண் கனத்துக்கு வைக்கோல் போடு, தரை வெறுமனே காய்ந்தால் உப்பு திரும்ப ஏறும். வேம்புக்குப் பதில் உகா மரம் வை, அந்த ஊரில் ஜால் என்பார்கள், நம் ராமநாதபுரத்துக் கடலோர உவர் மண்ணில் நிற்கிற அதே மரம்தான். ஜூலையில் முதல் மழை விழுந்த மறுநாள் நடச் சொல்லியிருக்கிறேன்.