பெங்களூர்ல இருந்துட்டே ஒரு குட்டி கதைப் பத்திரிகை போடறது எப்படி

சிறுபத்திரிகைன்னா சென்னைலதான் முடியும்னு நெனைக்காதீங்க, "படிகள்"ங்கற சிறுபத்திரிகை இந்த பெங்களூர்லேர்ந்துதான் வந்துச்சு. அச்சடிக்கறது இப்போ ரொம்ப ஈஸி. கதையப் படிச்சவங்கள அதப் பத்தி பேச வைக்கறதுதான் நெஜமான வேலை, அதனால அச்சு விஷயத்த சட்டுனு சொல்லிட்டு அதுக்கு வந்துடறேன்.

மொத இதழுக்கு 24 பக்கம் போதும். ஏ4 தாள் ஆறு எடுத்து ரெண்டு பக்கமும் அடிச்சு நடுவுல மடிச்சா 24 பக்கம் வந்துடும், அட்டை தனி. பக்கம் எப்பவும் நாலோட மடங்குல இருக்கணும், இல்லன்னா கடைசில வெத்துப் பக்கம் நிக்கும். வெளித் தாள்ல ஒரு பக்கம் 24ம் 1ம், மறுபக்கம் 2ம் 23ம், எந்தப் பக்கம் பாத்தாலும் கூட்டினா 25 வரணும். பிடிஎஃப பிரிண்ட் பண்றப்போ புக்லெட்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதுவே பக்கத்த அடுக்கிக் குடுத்துடும். யூனிகோட் ஃபான்ட்லயே டைப் பண்ணுங்க, பக்கம் அமைக்கற சாஃப்ட்வேர் இன்டிசைன்ல பண்றதா இருந்தா அதுல வேர்ல்ட்-ரெடி கம்போசர்ங்கற செட்டிங்க போட்டுக்கோங்க, இல்லன்னா கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு எழுத்து செதறிடும். ஒரு காப்பி அடிச்சு, மடிச்சு, கைல வச்சு படிச்சுப் பாத்துட்டு அப்புறம் மீதிய அடிங்க. நடுவுல பின் அடிக்க நீளக் கை ஸ்டேப்ளர் வேணும், சாதாரணது எட்டாது. உள்ள "தனிச்சுற்றுக்கு மட்டும்"னு போடறது நம்ம சிறுபத்திரிகை வழக்கம், ஆனா செய்தி, நாட்டு நடப்பு அலசல்லாம் ரெகுலரா போடறதா இருந்தா பத்திரிகையப் பதிவு பண்றது பத்தி 2023ல புதுச் சட்டம் வந்திருக்கு, அத படிச்சுட்டு எறங்குங்க.

இனிமேதான் விஷயமே. "கருத்து சொல்லுங்க"ன்னு பொதுவா கேட்டா "சூப்பர், வாழ்த்துக்கள்"னுதான் வரும், அத வச்சு எழுதினவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. எந்த எடத்துல படிக்கறத நிறுத்தினீங்க, எந்த ஆளு மனசுல நின்னாரு, எத நம்ப முடியல, இப்படி மூணே கேள்வி கடைசி பக்கத்துல போட்டு கீழ கோடு விட்டு இடம் குடுங்க, ஒரு வாட்ஸப் நம்பரும் போடுங்க. எங்க இதழ்ல ஒரு கதைல பையன் மெஜஸ்டிக்ல பஸ்ஸ விட்டு எறங்கி பத்து நிமிஷத்துல நடந்தே அல்சூர் போயிடுவான், அது பத்து நிமிஷத்துல நடக்கற தூரமே இல்ல. அல்சூர் பக்கத்து மர்ஃபி டவுன்லேர்ந்து ஒரு அம்மா அந்த வரிக்குப் பக்கத்துல பென்சில்ல "எப்படிப்பா? பறந்தா போனான்?"னு எழுதி, அதுக்கப்புறம் கதைல அவன் அழுததக் கூட நம்பத் தோணலன்னு கீழ சேத்திருந்தாங்க. பத்து பாராட்ட விட இந்த ஒத்த வரி பெருசு, கதை எங்க கைவிட்டுப் போச்சுன்னு விரல் வச்சுக் காட்டுது பாருங்க. அந்தப் பக்கத்த அப்படியே போட்டோ எடுத்து எழுதினவருக்கு அனுப்பினோம், நாம சுருக்கிச் சொன்னா அந்தக் குரல் போயிடும்.

பெங்களூர்ல இன்னொரு சங்கதி, வீட்ல நல்லா தமிழ் பேசுவாங்க ஆனா பள்ளிக்கூடத்துல கன்னடமும் இங்கிலீஷும்தான் படிச்சதால தமிழ் படிக்க வராது, இப்படி நெறைய பிள்ளைங்க இருக்காங்க. அவங்களும் வாசகர்தான். கதைய யாராவது வாசிச்சு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, பதிலும் வாய்ஸ் நோட்லயே வரட்டும், எழுத்துல கூச்சப்படற பாட்டிங்ககூட அதுல விலாவாரியா பேசுவாங்க. அல்சூர் ஏரிகிட்ட தமிழ்ச் சங்கம் இருக்கு, அந்தப் பக்கம் எங்கயாச்சும் ஒரு ஞாயித்துக்கிழமை பத்து பேர் உக்காந்து ஒரே ஒரு கதைய மட்டும் பேசுங்க, எழுதினவர் கடைசி வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது, அது முக்கியம், அவர் விளக்கம் சொல்ல ஆரம்பிச்சா மத்தவங்க மரியாதைக்கு அடங்கிடுவாங்க.

திட்டி வந்த கடிதத்தையும் போடுங்க, கதை எழுதினவர்கிட்ட கேட்டுட்டு, ஆளைத் தாக்கற வரிய மட்டும் எடுத்துட்டு. ரெண்டு பக்கமாவது இதுக்கு ஒதுக்குங்க, கதை ஒண்ணு கொறஞ்சாலும் பரவால்ல. கடிதம் போட்டவங்களுக்கு அடுத்த இதழ காசு வாங்காம மொதல்ல அனுப்பிடுங்க, அவங்க சொல்லி எதாவது மாத்தியிருந்தா என்ன மாத்தினீங்கன்னு ரெண்டு வரி கையால எழுதி உள்ள வைங்க.