சீனிப் புண்ணுக்கு வார்டில் இருந்து வந்த பிறகு வீட்டில் செய்ய வேண்டியவை

சீனி வருத்தத்தால் (நீரிழிவால்) வந்த காற்புண்ணோடு கிளிநொச்சியிலோ முல்லைத்தீவு மாஞ்சோலை ஆஸ்பத்திரியிலோ வார்டில் கிடந்து, டிஸ்சார்ஜ் துண்டு வெட்டி வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். இனித்தான் கவனம் கூட வேண்டும். புண் முழுதாக ஆறியவர்களிலும் 100 பேரில் ஏறத்தாழ 40 பேருக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வருகிறது. சீனி வருத்தம் நரம்பைக் கெடுத்திருப்பதால் முள் குத்தினாலும் கால் சொல்லாது. நோவு இல்லையென்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

முதல் வேலை, வந்த அன்றே, வார்டில் தந்துவிட்ட டயக்னோசிஸ் கார்டைப் பார்த்து கிளினிக் திகதி, மருந்து கட்டும் நாட்கள், அன்டிபயோடிக் முடியும் நாள் மூன்றையும் கலண்டரில் குறிப்பது. புண் காய்ந்த மாதிரித் தெரிந்தாலும் குளிசையை இடையில் விடக்கூடாது. துணுக்காய், ஒட்டுசுட்டான் உட்பக்கம் இருப்பவர்கள், மருந்து கட்டுவதைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் செய்யலாமா என்று வார்டில் கேட்டு எழுதுவித்துக்கொள்ளுங்கள். பஸ் இல்லையென்று ஒரு கட்டுத் தவறினாலும் புண் பழுதாகலாம்.

அடுத்தது, புண் உள்ள காலில் பாரம் போடாமல் இருப்பது. என்னைக் கேட்டால் மருந்துக்குச் சமமான விஷயம் இது. ஒவ்வொரு மிதியிலும் புதிதாக வளரும் சதை நசிகிறது. ‘வயலை ஒருக்கால் எட்டிப் பார்த்துவிட்டு வாறன்’ என்று வெளிக்கிடுபவரை வீட்டார் மறிக்கத்தான் வேண்டும். கக்கூசு வளவுக் கோடியில் இருந்தால், கொமோட் கதிரை ஒன்றுக்கு முன்கூட்டியே வழி பாருங்கள்.

அப்புறம், தினமும் காலையில் வெளிச்சத்தில் இருந்து இரண்டு கால்களையும் பாருங்கள். நிலத்தில் கண்ணாடியை வைத்து உள்ளங்காலை அதற்கு மேலே பிடித்தால் குதிவரை தெரியும். விரல் இடுக்குகளை விரித்துப் பாருங்கள். சிவப்பு, கொப்பளம், வெடிப்பு, ஈரம், கட்டுத்துணியில் ஊறிய நீர், மணம் எதையும் விடாதீர்கள். புறங்கையை வைத்துப் பார்த்தால் எந்தக் கால் சுடுகிறது என்பது பிடிபடும். கண் மங்கியவர்களுக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும்.

கட்டு நனையக்கூடாது. மற்றக் காலைக் கழுவி, விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் ஒற்றுங்கள். குதிக்கு எண்ணெய் பூசலாம், இடுக்கில் வேண்டாம். மஞ்சள், கோப்பித்தூள், இலைச்சாறு எதையும் புண்ணில் வைக்காதீர்கள். கால் ஆணியை பிளேட்டால் சீவவும் வேண்டாம்.

புண் ஆறி நடக்கத் தொடங்கினால் வீட்டுக்குள்ளும் செருப்புத்தான். போடுமுன் உதறிப் பாருங்கள், கல்லோ தேளோ கிடக்கும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வெறுங்காலோடு சுடுமணலில் நடக்கும் நேர்த்தி இருந்தால் வேறு விதமாகச் செலுத்துங்கள். அம்மன் கோபிக்கமாட்டா. இரவில் நுளம்பு வலையை நன்றாகச் செருகிப் படுங்கள், மரத்த காலை எலி கடித்தாலும் விடியும்வரை தெரியாது.

காய்ச்சல், நடுக்கம், பரவும் சிவப்பு, கறுத்த விரல், கெட்ட மணம் கண்டால் கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.